தலைமையாசிரியர் கழுத்தில் விழுந்த மாலை

என் மகள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அவன் பின்னாலிருந்து வந்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசிய ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. "பேச்சு முத்திப் போச்சு" என்றார்கள். பேச்சு முத்த வேண்டுமானால் இரண்டு பேர் பேசியிருக்க வேண்டும். அவள் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவன் சடையைப் பிடித்து இழுத்துத் திருப்பிக் கன்னத்தில் அறைந்தான். மேசைமேல் இருந்த பயிற்சிப் புத்தகங்களை அள்ளி முகத்தில் அடித்தான். அவள் நிலைதவறி விழுந்தபோது பலகையின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார்கள்.

அவன் என்றுதான் எழுதுவேன். அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நியாலாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அது. சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வகுப்பறைகளுக்கு அரைச்சுவர், அதற்கு மேல் கம்பிவலை, கதவு என்று எதுவும் கிடையாது. நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். அப்போது அங்கே ரப்பர் இருந்தது. அப்பா வேலையை விட்டபின் நாங்கள் ஜாசின் டவுனுக்கு வந்துவிட்டோம். நான் அங்கே அரசாங்கக் கிளினிக்கில் பெயர் பதியும் கிராணியாகச் சேர்ந்தேன். என் மகள் பயிற்சிக் கல்லூரி முடித்து, அந்தப் பள்ளிக்கே வேலை கிடைத்தது என்று வந்து சொன்னபோது நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். அந்தத் தேங்காயை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

அன்று காலை நான் கிளினிக் கவுண்டரில் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். "அடுத்து" என்று நிமிர்ந்தேன். என் மகள் நின்றாள். அவளுடைய வெள்ளை பாஜு குரோங் சட்டையின் மார்பில் ரத்தம். அவளைத் தாங்கிப் பிடித்தபடி அந்தப் பள்ளியில் மலாய் பாடம் நடத்தும் மலாய்க்கார டீச்சர் நின்றிருந்தார். தன் காரில் கூட்டி வந்திருக்கிறார்.

"சபார், காக், சபார்" என்றார் அந்த டீச்சர், பொறுமை அக்கா, பொறுமை என்று.

புருவத்தில் தையல் போட்டார்கள். தையல் போடும்போது என் மகள் அழவில்லை. "அம்மா, என் கிளாஸ்ல இப்ப யாரு இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் செய்ததற்குக் காரணம் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். காரணம் கேட்பதே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்கிறார்கள். அவனுடைய மகள் என் மகளின் வகுப்பில் படித்தாள். வாரத்தில் பாதி நாள் வரமாட்டாள், வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்" என்று என் மகள் அவன் மனைவியிடம் தோட்டத்துக் கடையில் வைத்துச் சொன்னாள். அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் தன் குடும்பத்தை அவமானப்படுத்திவிட்டாள் என்று அவனுக்குக் கோபம். செம்பனைக் குலை ஏற்றும் லாரியைப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்திவிட்டு, எஞ்சினைக்கூட அணைக்காமல், பூட்ஸ் காலோடு வகுப்புக்குள் ஏறினான்.

"குடிச்சிருந்தான், பாவம்" என்று பிறகு பலர் சொன்னார்கள். பொய். காலைப் பத்து மணிக்கு, வேலை நேரத்தில், நிதானமாக இருந்தான். குடிக்காத ஒருவனுக்குக் குடியைக் கடன் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்த ஊர் அது.

அன்று பிற்பகலே போலீஸ் நிலையத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த கோப்ரல் நல்ல மனிதர்தான். ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, சாதாரண அடிதடிக்குப் போலீஸ் நேராக ஆளைப் பிடிக்க முடியாது, வேண்டுமானால் நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போய் முறையிடலாம் என்றார். அதற்கு முந்தின வருடம் எங்கள் கிளினிக்கில் ஒரு நோயாளியின் அண்ணன் நர்ஸைப் பிடித்துத் தள்ளினான். அரை மணி நேரத்தில் போலீஸ் வண்டி வந்தது. அரசாங்க ஊழியரை வேலை செய்யவிடாமல் அடிப்பது தனிக் குற்றம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னேன்.

கோப்ரல் தயங்கினார். அது தோட்டத்துப் பள்ளிதானே, டீச்சர் தோட்டத்து ஆள்தானே என்று கேட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஆட்களே அப்படித்தானே நினைக்கிறார்கள். நிலம் தோட்டத்துடையது. கட்டடம் தோட்டம் போட்டுக்கொடுத்தது. கூரை ஒழுகினால் மானேஜரிடம்தான் போய் நிற்கிறோம். அதனால் டீச்சரும் தோட்டத்தின் சொத்து என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம். தோட்டத்தில் யார் யாரை அடித்தாலும் ஆபீஸிலோ கோயிலிலோ வைத்துப் பேசி முடிப்பதுதானே வழக்கம். என் மகளுக்குச் சம்பளம் போடுவது அரசாங்கம், வேலைக்கு அனுப்பியது கல்வி இலாகா, என்னைப் போல, உங்களைப் போல அவளும் அரசாங்க ஊழியர் என்று நான் குரலை உயர்த்திச் சொன்னேன். என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து அவருடைய மேலதிகாரி சார்ஜன் எழுந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். விசாரிக்கிறோம், ஆனால் பார்த்த பெரியவர்கள் யாராவது வேண்டும் என்றார்.

பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். தலைமையாசிரியர். சத்தம் கேட்டு மலாய் டீச்சர் ஓடி வருவதற்குள் என் மகள் தரையில் கிடந்தாள். ஆனால் தலைமையாசிரியர் அதற்கு முன்பே தாழ்வாரத்தில் நின்றிருந்தார். அவன் சடையைப் பிடித்தபோது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தை என் மகள் பார்த்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். அவர்தான் தோட்டத்துக் கோயில் தலைவரும். ஒரு பிஸ்கட் டின்னும் ஒரு பை ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வருவதைப் போல. என் கணவர் சுங்கை ஊடாங்கில் ஷிப்டு வேலையில் இருந்தார். நல்லவேளை, வீட்டில் இருந்திருந்தால் அந்த டின் ரோட்டில் கிடந்திருக்கும்.

சங்கத் தலைவர்தான் ஆரம்பித்தார். "தங்கச்சி, உங்கப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நெரையில பால்மரம் சீவுனவங்க. நீ நம்ம தோட்டத்துப் பொண்ணு. உன் மக எனக்கு மக மாதிரி."

"உங்க மகளை ஒருத்தன் அடிச்சிருந்தா என்னண்ணே செஞ்சிருப்பீங்க?"

"அட, அதுக்குத்தானே வந்திருக்கோம். ரிப்போட்ட திரும்ப எடுத்துடும்மா. நம்ம ஆளுங்க விஷயம் போலீஸ் பாலாய்க்குப் போயி சிரிப்பா சிரிக்கணுமா? ஆசிரியர் தினம் வருதுலா. மேடையில வச்சு அவனையே மாலை போட வைக்கிறேன். பொன்னாடையும் போர்த்துவான். எல்லாரு முன்னாலயும் கும்பிட்டு மன்னிப்பு கேப்பான். இதுக்கு மேல என்ன வேணும் சொல்லு."

எங்கள் பக்கத்தில் சண்டை முடிவது இப்படித்தான். கோயில் கமிட்டியில் இரண்டு கட்சி நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொள்ளும். அடுத்த திருவிழாவில் மேடையேறி ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்ளும். போட்டோ எடுப்பார்கள், கைதட்டுவார்கள். அத்தோடு சரி. யார் அடித்தது, யார் அடிபட்டது என்று அதற்குப் பிறகு கேட்பவர்தான் கெட்டவர்.

நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். "சார், நீங்க பாத்தீங்கதானே?"

அவர் ஆரஞ்சுப் பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அம்மா, நான் பாத்தேனா பாக்கலையாங்கிறது இல்ல விஷயம். அவன், அவன் தம்பிங்க, மச்சான் வீடு, எல்லாருமா சேந்து பிள்ளைங்கள எடுத்து மலாய் ஸ்கூல்ல போடப்போறோம்னு சொல்றாங்க. அவ்ளோ பேர் போனா நம்ம ஸ்கூல இழுத்து மூடிடுவாங்க. தமிழ்ப்பள்ளியக் காப்பாத்த வேண்டாமா?"

"அப்ப போலீஸ்கிட்ட என்ன சார் சொன்னீங்க?"

"ஆபீஸ் ரூம்ல இருந்தேன்னு சொல்லிட்டேன்."

அதுவரை அறையில் இருந்த என் மகள் வெளியே வந்தாள். தையல் போட்ட புருவம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. "சார், மாலை வேணாம் சார்" என்றாள். "நான் மறுபடி கிளாஸ்ல நிக்கணும். அதுக்கு யாரும் உள்ள வந்து அடிக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்."

"டீச்சர், நீங்க இன்னும் பதவி உறுதியாகாதவங்க" என்றார் தலைமையாசிரியர், மிக மென்மையாக. "ரிப்போட் கிப்போட்னு பேரு அடிபட்டா உங்களுக்குத்தான் நல்லதில்ல. நான்தானே உங்களப் பத்தி எழுதணும்."

அந்த மென்மையை நான் மறக்கமாட்டேன். அறைந்தவன்மேல் வந்த கோபம் வேறு மாதிரி. அது எரிந்தது, தணிந்தது, மறுபடி எரிந்தது. இந்தக் கோபம் தணிந்ததே இல்லை. தமிழ்ப்பள்ளி வேண்டும் என்று ஊர்வலம் போகிறோம், நன்கொடை திரட்டுகிறோம், மேடையில் கண்ணீர் விடுகிறோம். அந்தப் பள்ளிக்குள் நின்று தமிழில் கழித்தல் சொல்லிக்கொடுக்கிற பெண்ணை அடித்தால், பள்ளியைக் காப்பாற்றுவதற்காக அவள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டுமாம். டீச்சரைக் கொடுத்துவிட்டு எந்தப் பள்ளியைக் காப்பாற்றப் போகிறார்கள்? நான்கு சுவரையா? அதுவும் அரைச்சுவர்.

பிஸ்கட் டின்னை அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். ஆரஞ்சுப் பையைச் சங்கத் தலைவர் வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அது அங்கேயே கிடந்து அழுகியது.

என் மனம் அதற்குப் பிறகு இரண்டாகக் கிடந்தது. வேலையை விட்டுவிடு என்று ஒரு நாள் சொல்வேன். விடாதே என்று மறுநாள் சொல்வேன். அவளோ தையல் பிரித்ததும் பள்ளிக்குப் போனாள்.

ஆசிரியர் தினத்தன்று நான் லீவு எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். பள்ளித் திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி, பலகை மேடை, பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். வெள்ளை வேட்டி, சந்தனப்பொட்டு. பக்கத்தில் ஒரு தட்டில் ரோஜா மாலையும் மடித்த பொன்னாடையும். அவள் வேண்டாம் என்று சொன்னதை இவர்கள் காதில் வாங்கவே இல்லை. வந்துவிட்டால் ஏறிவிடுவாள், நாலு பேர் முன்னால் மறுக்கமாட்டாள் என்ற நம்பிக்கை.

"அடுத்து ஒரு சிறப்பு அங்கம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு என் மகளை மேடைக்கு அழைத்தார்கள்.

அவள் மேடைக்கு எதிரே தன் வகுப்பு வாசலில் உட்கார்ந்து, ஆட வேண்டிய சிறுமிகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து அடுத்த பிள்ளைக்கு ரிப்பன் கட்டினாள்.

மறுபடி அழைத்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி, "திமிரப் பாரேன், மேடம் வரமாட்டாங்களாம்" என்றாள். இன்னொருத்தி, "ஒரு அறைக்கு இவ்ளோ அலட்டலா? என் புருஷன்கிட்ட நான் வாங்காததா?" என்று சொல்லிச் சிரித்தாள். திரும்பி எதையாவது சொல்லத்தான் நினைத்தேன். இரண்டாமவள் சொன்னதைக் கேட்டபிறகு அவள்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

மூன்றாவது முறையும் அழைத்தார்கள். அவன் மாலையோடு மேடையில் நின்றுகொண்டிருந்தான். கூட்டம் சலசலத்தது. போட்டோகிராபர் கேமராவைத் தூக்கியபடி காத்திருந்தார். அப்போது சங்கத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. மைக்கைப் பிடித்து, "டீச்சர் பிள்ளைங்க வேலையா இருக்காங்க. பரவால்ல. பள்ளிக்கூடத்துக்கே மாலை போட்டுடுவோம். பள்ளிக்கூடத்துக்குப் போட்டா டீச்சருக்குப் போட்ட மாதிரிதானே!" என்றார். அவன் திரும்பி, அந்த ரோஜா மாலையைத் தலைமையாசிரியர் கழுத்தில் போட்டான். பொன்னாடையைப் போர்த்தினான். இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். தலைமையாசிரியர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கைதட்டினார்கள். வெளிச்சம் பளிச்சிட்டது. என் மகள் ரிப்பன் கட்டி முடித்திருந்தாள்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து சார்ஜன் எங்களை நிலையத்துக்குக் கூப்பிட்டார். அங்கே ஏற்கெனவே தலைமையாசிரியரும் சங்கத் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள். சமாதானம் ஆகிவிட்டது, கேஸை முடித்துவிடலாம் என்று சொல்லத் தாங்களாகவே வந்திருக்கிறார்கள். ஆதாரத்துக்கு அந்தப் போட்டோவைப் பெரிதாகக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்கள். நான் கதை கட்டவில்லை. மாலை போட்ட படத்தைக் காட்டினால் போலீஸ் கேஸும் முடிந்துவிடும் என்று அந்த இரண்டு பெரிய மனிதர்களும் மனதார நம்பினார்கள்.

சார்ஜன் போட்டோவை வாங்கிப் பார்த்தார். தலைமையாசிரியரைப் பார்த்தார். என் மகளின் புருவத்தைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"யாங் கெனா தம்பார் சிகு கெ, குரு பெசார் கெ?" என்று கேட்டார். அறை வாங்கியது டீச்சரா, தலைமையாசிரியரா?

பக்கத்து மேசையில் இருந்த கோப்ரல் சிரிப்பை அடக்க இருமினார். சங்கத் தலைவர் மட்டும் விளக்கப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போட்டால் டீச்சருக்குப் போட்டது மாதிரி என்பதை மலாயில் சொல்ல முயன்றார். எந்த மொழியில் சொன்னாலும் அது அப்படித்தான் இருக்கும்.

சார்ஜன் சிரிக்கவில்லை. பைலைப் புரட்டி, தலைமையாசிரியர் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை எடுத்தார். நீங்கள் ஆபீஸ் அறையில் இருந்ததாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள் என்றார். நீங்கள் எதையும் பார்க்கவில்லை என்றால் இந்த ஆள் மேடையில் கைகூப்பி எதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார், நீங்கள் எதை மன்னித்துத் தோளைத் தட்டுகிறீர்கள் என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. போலீஸுக்குப் பொய் வாக்குமூலம் கொடுப்பதும் குற்றம், அரசாங்க ஊழியருக்கு அது தெரியாமல் இருக்காது என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமல், மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். தாழ்வாரத்தில் நின்றது. சடையைப் பிடித்தது. அறைந்தது. எல்லாம் பார்த்திருக்கிறார். பூட்ஸ் போட்டிருந்ததைக்கூடப் பார்த்திருக்கிறார்.

என் மகள் அப்போதுதான் அழுதாள். அடிபட்ட அன்று அழாதவள், தையல் போடும்போது அழாதவள், இவர் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தபோது அழுதாள்.

அவன் ஜாசின் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அரசாங்க ஊழியரைக் கடமையின்போது தாக்கிய குற்றம். மாஜிஸ்திரேட் அபராதம் விதித்து, நன்னடத்தை ஜாமீனிலும் கட்டிப்போட்டார். மலாய் ஸ்கூலுக்குப் போவதாகச் சொன்னவர்களில் அவன் தம்பி வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போனார்கள். பள்ளிக்கூடத்தை யாரும் இழுத்து மூடவில்லை. அவனுடைய மகள் இங்கேயே இருந்தாள். முன்னைவிட ஒழுங்காகவே வந்தாள். அவளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்ததும் என் மகள்தான். பதவி உறுதியும் வந்தது, தாமதமாக.

சட்டம் காப்பாற்றிவிட்டதே, இன்னும் ஏன் ஆத்திரப்படுகிறாய் என்று என் கணவர் கேட்கிறார். சட்டம் இருந்தது, உண்மைதான். ஆனால் அது அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டிய மனிதர் ஆபீஸ் அறையில் இருந்தேன் என்றார். ஓர் அசட்டு மாலையும் ஓர் அசட்டுப் போட்டோவும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எத்தனை தோட்டத்துப் பள்ளிகளில் மாலை சரியான கழுத்திலேயே விழுந்து, கைதட்டலோடு எல்லாம் முடிந்திருக்கும்? டீச்சர்களும் கும்பிட்டுச் சிரித்துப் படத்தில் நின்றிருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்கள் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

மாற்றல் கேட்டு எழுதிக்கொடுக்கும்படி தலைமையாசிரியர் சொன்னாராம், பாதுகாப்புக்காக. "அடி வாங்குனது நான், நான் ஏன் சார் போகணும்?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

எனக்கு அவள் போயிருக்கலாம் என்றுதான் இருந்தது. இன்றும் பள்ளி நேரத்தில் கிளினிக்கில் போன் அடித்தால் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறேன். கவுண்டரில் "அடுத்து" என்று சொல்லிவிட்டு நிமிர ஒரு கணம் தயங்குகிறேன்.

போன மாதம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். கம்பிவலைக்கு வெளியே நின்று பார்த்தேன். அவள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அவள் எழுத்து ஒரே கோட்டில் போகும். இப்போது வரி வலப்பக்கம் சரிந்து இறங்குகிறது. ஏனென்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவள் பலகையைப் பார்த்து எழுதவில்லை. சாக்பீஸ் மட்டும் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. முகம் பாதி வாசல் பக்கம் திரும்பியிருந்தது.